கல்லுக்கட்டுக்குள் இருந்த பாம்பு

என் கணுக்கால் உடைந்தது மே மாதத்து முதல் மழையில். புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பால் வெட்டுகிறவன். அன்றைக்கு வெட்டி முடித்து, வாளியைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கும்போது பாசி பிடித்த பாறையில் கால் வைத்துவிட்டேன். விழுந்ததைவிட எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பது வாளிப் பால் முழுவதும் என் மேல் கொட்டியதுதான். லொறியில் ஏற்றிக் கேகாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் அது கையிலும் காலிலும் தலைமயிரிலும் உறைந்து ரப்பராகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு தாதி அதை உரித்து எடுத்த பிறகுதான் டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டுப் போட்டு, எட்டு வாரத்துக்குக் காலை ஊன்றக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டில் நான் தனி ஆள். என் மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் அப்போது பதினாலு மாதம் ஆகியிருந்தது. ஒரே மகளை ஓப்பநாயக்கப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவளுக்கு அப்போது ஐந்து மாதம். "நான் வரட்டுமாப்பா?" என்று கேட்டாள். வயிற்றோடு பஸ்ஸில் அவ்வளவு தூரம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பகல் சோறு எங்கள் லயத்து வரிசையில் அடுத்த வீட்டுக் காம்பராவிலிருந்து வரும். அந்த வீட்டு அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தோட்டத்தில் காவல் வேலை. அவருடைய மருமகள் கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தது. பன்னிரண்டு மணிக்குத் தட்டை மூடிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சாப்பிடுங்க மாமா" என்று சொல்லிப் போய்விடும். அந்த ஒரு சொல்தான் அநேகமாக எனக்குக் கிடைக்கும் பகல் பேச்சு. காலை ஆறரைக்குப் பெரட்டில் நின்று பெயர் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் லயம் முழுக்க இருமலும் வாளிச் சத்தமுமாக இருக்கும். எல்லாரும் மலைக்குப் போன பிறகு ஒன்றும் இருக்காது. இருபது வருடம் அந்த லயத்தில் குடியிருந்தும், பகலில் அது இப்படித்தான் கிடக்கும் என்று எனக்குத் தெரியாது. நானும் மலையில்தானே இருந்தேன்.

காலையிலும் மாலையிலும் முன்வாசலில் உட்கார்ந்தால் போகிற வருகிறவர்கள் எல்லாரும் "எப்புடி இருக்கு கால்?" என்று கேட்பார்கள். இரண்டாவது வாரத்துக்குள் அதற்குப் பதில் சொல்லி எனக்கு அலுத்துப்போனது. அண்ணனிடம் நாற்காலியைப் பின்பக்கம் போடச் சொன்னேன். லயத்துக்குப் பின்னால் தண்ணீர் போகிற ஒரு கான் ஓடுகிறது. மலை ஊற்றிலிருந்து வருகிற பீலித் தண்ணீர் வழிந்து அதில்தான் வரும். கானுக்கு அந்தப் பக்கம் மண் சரியாமல் இருக்க இடுப்பளவுக்குக் கல் கட்டியிருக்கிறார்கள். கல்லுக்கு இடையில் பன்னைச் செடி, கானோரம் சேம்பு. நாலடி அகலமுள்ள அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு, மாவுக்கட்டுப் போட்ட காலை ஒரு பழைய சாக்குமேல் நீட்டி உட்கார்ந்திருப்பேன்.

அங்கேதான் அந்தப் பாம்பைப் பார்த்தேன். மழை விட்டு வெயில் அடித்த ஒரு காலை. கல்லுக்கட்டின் நடுவில் ஒரு இடுக்கிலிருந்து முதலில் தலை மட்டும் வந்தது. வந்து, நின்று, நாக்கை நீட்டி நீட்டி இழுத்தது. எழுந்து ஓட முடியாது. கையில் ஊன்றுகோல் இருந்தது. ஆனால் அதை வீசினால் பிறகு எதை ஊன்றிக்கொண்டு உள்ளே போவது? அசையாமல் இருந்தேன். அது மெதுவாக முழுவதும் வெளியே வந்து ஒரு தட்டைக் கல்லின் மேல் வெயிலுக்குக் கிடந்தது. இரண்டு அடிக்குக் குறைவு. என் சுண்டுவிரல் பருமன். மண்ணும் பச்சையும் கலந்த நிறத்தில், முதுகின் இரண்டு பக்கமும் கழுத்துக்குக் கீழே தொடங்கி வால்வரைக்கும் இரண்டு மஞ்சள் கோடுகள். கழுத்தருகில் மங்கலாகவும், போகப் போகத் தெளிவாகவும் இருந்தன. குறுக்கே கறுப்புப் புள்ளிகள். உதடு வெளுப்பு. கண் வட்டமாக, பெரிதாக, ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கிற ஆளின் கண் மாதிரி இருந்தது.

பின்னாலிருந்த ஒற்றையடிப் பாதையில் அந்த நேரம் கித்துள் மரத்தில் பாளை சீவிக் கள் இறக்குகிற சிங்களவர் ஒருவர் போனார். கிராமத்து ஆள், பார்த்தால் தலையாட்டுகிற பழக்கம். நான் கல்லின் மேல் கிடந்த பாம்பைக் காட்டி, "அய்யே, சர்ப்பயெக்!" என்றேன். அவர் நின்று, குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"ஓக்கா அஹரகுக்கெக் மல்லி. விஷ நே."

அதன் பெயர் அஹரகுக்கா என்றார், விஷம் இல்லையாம். தவளையைத்தான் தின்னும், ஒன்றும் செய்யாது என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். தமிழில் அதற்கு என்ன பெயர் என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. எங்கள் ஆட்களுக்குப் பாம்பு என்றால் பாம்புதான். பெயர் கேட்கும் முன்னே கம்பைத் தேடுவோம்.

என் மனைவி கூப்பிடுவது நாலரை மணிக்கு. அங்கே அது பகல் இரண்டு மணி; வீட்டுக்காரர்கள் படுத்திருக்கும் நேரம். தினமும் பேசினாலும் பேச எங்களுக்கு விஷயம் இருக்காது. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, கால் வலிக்குதா. நான் நல்லா இருக்கேன் என்பேன். அவளும் நல்லா இருக்கேன் என்பாள். பிறகு இரண்டு பேரும் திரையில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருப்போம். அன்றைக்கு எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது.

"பின்னால ஒரு பாம்பு வந்துச்சு புள்ள."

"ஐயோ! அண்ணனக் கூப்புட்டு அடிச்சுப் போடச் சொல்லுங்க."

"விஷம் இல்லாததாம்."

"ஆருக்குத் தெரியும்? நீங்க எந்திரிச்சு ஓடவா போறீங்க? உள்ள போயி கதவச் சாத்துங்க."

நான் அண்ணனிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடித்துவிடுவார்கள் என்பது ஒரு காரணம். அந்த லயத்தில் எனக்கென்று மட்டும் ஒன்று இருக்கட்டும் என்று நினைத்தது இன்னொரு காரணம். இரண்டாவதுதான் பெரிய காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அதற்காகக் காத்திருந்தேன். மழை இல்லாத காலைகளில் எட்டரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில் வரும். அரை மணி நேரம் வெயில் காயும். பிறகு கானில் இறங்கிச் சேம்புக்கு அடியில் தேடத் தொடங்கும். இரவில் அது திரிந்து நான் பார்த்ததே இல்லை. பொழுது சாய்ந்தால் கல்லுக்குள் போய்விடும். ஒரு நாள் அது தவளை பிடித்ததைப் பார்த்தேன். அசையாமல் கிடந்து, தவளை ஒரு தாவு தாவியதும் பின்னங்காலைக் கவ்விக்கொண்டது. சுற்றி நெரிக்கவில்லை, கடித்துக் கொல்லவும் இல்லை. காலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உயிரோடு உள்ளே இழுத்தது. தவளை உடம்பை ஊதிக்கொண்டு கத்தியது. அந்தச் சத்தம் கைக்குழந்தை சிணுங்குகிற மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டு மருமகள்கூட அதைக் கேட்டுத் தன் பிள்ளையைத் தேடிப் போயிருக்கும். எனக்குத் தவளைமேல் பாவமாக இருந்தது. கல்லெடுத்து எறியலாமா என்றும் நினைத்தேன். எறியவில்லை. கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடைசியில் பாம்பின் வாயோரத்தில் தவளையின் விரல்கள் மட்டும் தெரிந்து, அதுவும் போனது. நடு உடம்பில் ஒரு முடிச்சோடு அது கல்லுக்குள் போனால் மூன்று நாள் வராது. மழை வலுத்துப் பெய்த மறுநாள் மண்புழுவையும் தின்னும். அதற்கு ஒரு நொடி போதும்.

அதன் சுபாவம் சாது. ஒருமுறை ஒரு கோழி வந்து கொத்தப் பார்த்தபோதுதான் அது கோபப்பட்டதைப் பார்த்தேன். கழுத்தைத் தட்டையாக விரித்தது. செதிலுக்கும் செதிலுக்கும் இடையில் மறைந்திருந்த தோல் வெளியே தெரிந்தது, நல்ல நீலம். அப்படி ஒரு நிறம் அதற்குள் இருக்கும் என்று நினைத்தே பார்த்திருக்க மாட்டேன். கோழி பின்வாங்கியது. அதுவும் உடனே ஓடிவிட்டது, கடிக்கவெல்லாம் இல்லை.

இவற்றையெல்லாம் நாலரை மணிக்குச் சொன்னேன். முதலில் காதைப் பொத்திக்கொண்டவள், ஒரு வாரத்தில் தானாகவே, "இன்னைக்கு வந்துச்சா?" என்று கேட்க ஆரம்பித்தாள். ஒரு தடவை அதன் கண் பால் விழுந்த மாதிரி வெளுத்து, நாலைந்து நாள் வெளியே வராமல் இருந்தது. குருடாகிவிட்டது என்றே நினைத்துச் சொன்னேன். அவள் அன்று மாலை மறுபடியும் கூப்பிட்டு, "வந்துச்சா?" என்றாள். ஆறாவது நாள் அது புதுத் தோலோடு பளபளவென்று வந்தது. பழைய சட்டை கல்லிடுக்கில் சிக்கியிருந்தது. ஊன்றுகோலால் இழுத்து எடுத்தேன். கழற்றிப் போட்ட காலுறை மாதிரி உட்புறம் வெளியாகப் புரண்டிருந்தது. கண்ணிருந்த இடத்தில்கூட ஒரு சின்னக் கண்ணாடி. போனில் காட்டினேன். அவள் கத்திவிட்டு, பிறகு, "கிட்டக் காட்டுங்க" என்றாள்.

அவள் கேட்ட சில கேள்விகள் எனக்கு வேடிக்கையாக இருந்தன. "அதுக்கு அம்மா எங்க?" "அது ராவுல பயப்படுமா?" இவள் இப்படிக் கேட்கிற ஆளே இல்லையே என்று நினைத்தேன். வெளிநாடு போய் மாறிவிட்டாள் போல என்று விட்டுவிட்டேன்.

ஜூன் கடைசியில் ஒரு காலை அது கானைத் தாண்டி என் பக்கம் வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனில் வீடியோ எடுத்தேன். சாக்கின் ஓரம் வந்து, நாக்கால் தொட்டுப் பார்த்து, மாவுக்கட்டின் மேல் ஏறியது. கணுக்காலுக்கு நேரே குறுக்காகப் போய் அந்தப் பக்கம் இறங்கியது. என் காலின் மேல் ஒரு உயிர் நடந்து போனதைக் கண்ணால்தான் பார்த்தேன். மாவுக்கட்டுக்குள் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அது போன பிறகு காரணம் இல்லாமல் அழுகை வந்தது. யாரும் இல்லாததால் அழுது முடித்தேன். அந்த வீடியோவை அவளுக்கு அனுப்பவில்லை. பயந்துபோவாள், திட்டுவாள் என்று வைத்துக்கொண்டேன்.

மாவுக்கட்டை வெட்ட ஜூலையில் கேகாலைக்குப் போனேன். போகும்போது ஆட்டோ, வரும்போதும் ஆட்டோ. வெட்டி எடுத்த கால் மெலிந்து வேறு யாருடைய கால் மாதிரியோ இருந்தது. திரும்பி வந்து இறங்கியபோது மூன்று மணி. பக்கத்து வீட்டு அண்ணன் வாசலில் நின்றார். முகத்தில் ஒரு சந்தோஷம்.

"தம்பி, நீங்க இல்லாத நேரத்துல ஒரு வேல பாத்திருக்கேன். பின்னால வாங்க."

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கானோரத்தில் சாம்பல் கிடந்தது. மண்ணெண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை.

"புள்ள தவழ்ந்து பின்கதவு வரைக்கும் போயிருச்சு. மருமக போயி தூக்குது, ரெண்டு முழம் தள்ளி விரியன் குட்டி! ஒரே அடிதான், எரிச்சும் போட்டுட்டேன். ஒங்களுக்கும் கால் சரியில்ல, நாள் பூரா இங்கதானே ஒக்காந்திருக்கீங்க. நெனச்சுப் பாத்தேன், ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு தம்பி."

பிள்ளை அந்த வாரம்தான் தவழத் தொடங்கியிருந்தது. அவரிடம் நான் என்ன சொல்ல முடியும்?

"நல்லதுண்ணே" என்றேன்.

உள்ளே போய்ப் படுத்தேன். நாலரைக்குப் போன் அடித்தது. கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். காட்டினேன். பிறகு, "இன்னைக்கு அத பாத்தீங்களா?" என்றாள்.

"பாத்தேன்" என்றேன். "வெயில்ல படுத்திருந்துச்சு."

அவ்வளவு சுலபமாக வந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் அவள் முகம் சோர்ந்திருந்தது. அன்றும் சொல்ல முடியவில்லை. தவளை பிடித்தது என்றேன். அதற்கடுத்த நாள் முட்டை போடப் போகிறது போல, வயிறு தெரிகிறது என்றேன். பொய் தொடங்கிய பிறகு உண்மையில் நடந்ததைவிட நல்ல நல்ல கதைகளாக வந்தன. காக்காவை விரட்டியது. பீலியில் தண்ணீர் குடித்தது. மூன்று வாரம் இப்படிப் போனது. காலையில் நான் அதே இடத்தில் உட்கார்ந்து, சாம்பல் மழையில் கரைந்த இடத்தைப் பார்த்தபடி சாயங்காலம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருப்பேன். அந்த மூன்று வாரம் போல நான் தனியாக இருந்த காலம் வேறு இல்லை. அவள் போனிலும் இல்லாத மாதிரி இருந்தது.

பிறகு ஒரு நாள், "ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்களேன்" என்றாள். நாளைக்கு என்றேன். மறுநாளும் கேட்டாள். அதற்கடுத்த நாள் வேறு வழியில்லாமல், காலின்மேல் ஏறிய அந்த வீடியோவை அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது. நேரம் இல்லாத நேரம்.

"இது எப்ப எடுத்தது?"

"இன்னைக்குத்தான்."

"கால்ல கட்டு இருக்கே."

வீடியோவை மறுபடி திறந்து பார்த்தேன். கட்டு வெள்ளையாகத் தெரிந்தது.

"அத வெட்டி மூணு வாரமாச்சு. ஏன் பழசை அனுப்புறீங்க? அது இல்லையா?"

சொன்னேன். கேகாலைக்குப் போன நாளையும், பிள்ளை தவழ்ந்ததையும், அண்ணன் பயந்துபோனதையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். ஆனால் தணிந்த குரலில், "அப்ப அந்தப் புள்ளகிட்ட நான் என்னத்தச் சொல்றது?" என்றாள்.

"எந்தப் புள்ள?"

அவள் வேலை செய்கிற வீட்டில் ஆறு வயதுப் பெண் பிள்ளை ஒன்று இருக்கிறதாம். பகலில் தூங்காதாம். நான் பேசுவதைக் கேட்டு, என்ன என்று அது கேட்கப்போக, இவள் தெரிந்த அரபியில் பாம்புக் கதையைச் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து தினமும் "ஹய்யா, ஹய்யா" என்று பாம்பின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து மடியில் உட்கார்ந்துகொள்ளுமாம். அம்மா எங்கே, ராவில் பயப்படுமா என்பதெல்லாம் அந்தப் பிள்ளையின் கேள்விகள். வீடியோவும் அதற்காகத்தான். "அந்த வீட்ல எங்கூட வேலையப் பத்தி இல்லாம பேசுறது அது ஒண்ணுதான்" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

ஐந்து நாள் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. அந்த நாட்களில் ஒரு மாலை பக்கத்து வீட்டு அண்ணனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அது விரியன் இல்லை, ஒன்றரை மாதமாக எனக்குப் பழக்கம் என்றேன். அவர் பீடியை அணைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஏந்தம்பி கையத் தூக்கப் போறேன்?"

தவளை கத்தியதை, நீலம் தெரிந்ததை எல்லாம் நான் சொல்ல, அவர் கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வயதில் பாம்பைப் பற்றி யாரும் அவரிடம் இப்படிச் சொன்னதில்லையாம். அன்று இரவுச் சாப்பாடு அவர் வீட்டில்தான். எட்டு வாரமும் தட்டு என் வீட்டுக்கு வந்ததே தவிர, நான் அங்கே போய் உட்கார்ந்ததில்லை.

ஆறாவது நாள் நாலரைக்கு அவள் கூப்பிட்டாள். பிள்ளையிடம் செத்துப்போனது என்றே சொல்லிவிட்டாளாம். ஒரு நாள் முழுக்க அது இவளோடு பேசவில்லை. யார் அடித்தது, ஏன் அடித்தார் என்று மறுநாள் கேட்டதாம். தவழ்கிற குழந்தையைச் சொன்னாளாம். "அப்புறம் ஒண்ணும் கேக்கல. வந்து மடியில ஒக்காந்துச்சு."

மழை தொடங்கியிருந்தது. சாப்பிட்டாயா என்று கேட்க வாய் வந்தது. அதைக் கேட்காமல், "நீ காலைல எந்திரிச்சதுலேருந்து என்னா செய்வே?" என்றேன்.

"ஏன் கேக்குறீங்க?"

"எனக்குத் தெரியாது. நீ சொன்னதில்ல."

"நீங்க கேட்டதில்ல" என்றாள்.

பிறகு சொல்ல ஆரம்பித்தாள். நாலரைக்கு எழும்புவாள். அவள் படுக்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கட்டில். அந்த மெஷின் ஓடும்போது கட்டிலும் சேர்ந்து ஆடும். மேல்மாடியில் துணி காயப்போடப் போகும்போது மட்டும்தான் வானத்தைப் பார்ப்பாள். அங்கே மழை வருஷத்தில் நாலைந்து நாளாம். அதுவும் வந்த சுவடு தெரியாமல் காய்ந்துவிடுமாம். முழங்கை ஒரு மாதமாக வலிக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை என்றாள். நல்லா இருக்கேன் என்று பதினேழு மாதம் அவள் சொன்ன நாட்களெல்லாம் இப்படித்தான் போயிருக்கின்றன.

கூரைத் தகரத்தில் மழை அடித்ததால் பாதி எனக்குக் கேட்கவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு உள்ளறைக்கு நொண்டிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"கேக்குதா?" என்றாள்.

"கேக்குது. சொல்லு."

"வேலையிருக்கு, வைக்கணும்" என்றாள். ஆனால் வைக்கவில்லை. அன்று அவளே பேசிக்கொண்டிருந்தாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் திரும்பி வர இன்னும் ஏழு மாதம் இருந்தது.